சர்க்கரைக்கு விலை வைத்தது யார்? மொரீஷியஸ் 'அதிசய'த்தின் கணக்கு

மொரீஷியஸின் 100 ரூபாய் நோட்டில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசனுடையது. தமிழ் வழக்கறிஞர்; சுதந்திரத்துக்கு முந்தைய ஆட்சியில் கல்வித் துறையைப் பார்த்துக்கொண்டவர்; 1958ல் காலமானார். அந்த நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழில் மதிப்பு எழுதியிருக்கும். 1998 கடைசியில் வந்த புதிய நோட்டுகளில் இந்தி மேலே ஏறி, தமிழ் கீழே போனது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மறுபடி அச்சடித்தது.

எழுத்து எந்த வரிசையில் வரவேண்டும் என்பதைத் தீவுக்குள்ளேயே மல்லுக்கட்டித் தீர்க்க முடிந்தது. நோட்டுக்குப் பின்னால் நிற்கும் வருமானத்தின் கதை வேறு. சர்க்கரை என்ன விலைக்குப் போகும் என்பது பிரஸ்ஸல்ஸில் முடிவானது. எந்த நாடு எத்தனை டஜன் சட்டை விற்கலாம் என்பதை ஜெனீவாவில் பேசிய ஜவுளி ஒப்பந்தம் சொன்னது. முதலீட்டு லாபத்துக்கு வரி உண்டா என்பது புதுதில்லியோடு செய்த உடன்படிக்கையில் இருந்தது. தீவின் மூன்று தலைமுறை வருமானமும் ஏதோ ஒரு காகிதத்தில் யாரோ போட்ட கையெழுத்தில் தொங்கியது. இந்தக் கட்டுரை அந்தக் கையெழுத்துகளைப் பற்றியது.

பொருளியல் பாடநூல்களுக்கு மொரீஷியஸ் செல்லப்பிள்ளை. 'சந்தையைத் திறந்தார்கள், நல்ல நிர்வாகம் வைத்தார்கள், வளர்ந்தார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எதிர்த்தரப்பில் இன்னொரு ஒற்றை வரி உண்டு: ஒரே பயிர், பழைய எஜமானர்களின் சந்தை, மீள வழியே இல்லாத சார்பு. முதல் வரி நடந்ததைத் தவறாகச் சொல்கிறது. இரண்டாவது வரி, நடந்திருக்கவே கூடாத ஒன்று ஏன் நடந்தது என்பதற்குப் பதில் வைத்திருக்கவில்லை.

மீட் போட்ட ஜாதகம்

1960 ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கரோல் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள். அந்த ஆண்டு சர்க்கரை உற்பத்தி முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே விழுந்தது. ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரையே. இந்த நேரம் பார்த்துத்தான் பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் தலைமையிலான குழு வந்து இறங்கியது. 1961ல் அறிக்கை வெளியானது. மலேரியா ஒழிந்ததால் மக்கள்தொகை ஆண்டுக்கு 3 சதவீதம் போல ஏறுகிறது, நிலம் தீர்ந்துவிட்டது, கரும்பைத் தவிர வேறு தொழில் இல்லை, இனப் பிளவு வேறு. அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்பு குறைவு என்று மீட் எழுதினார். பின்னால், 1977ல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய ஆரூடம் பொய்த்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் தந்த மருந்தை யாரும் பேசுவதில்லை. கூலியை ஏற விடாதீர்கள், ஆனால் அதனால் தொழிலாளிக்கு ஏற்படும் இழப்பை வரிப்பணத்திலிருந்து வேறு வழியில் ஈடுகட்டுங்கள் என்பதுதான் அதன் சாரம். கையில் வரும் கூலி குறைவு, ஆனால் அரிசியும் மாவும் மானிய விலையில், ஆஸ்பத்திரி இலவசம், முதியோருக்கு ஓய்வூதியம். இந்த ஓய்வூதியம் 1958லேயே, வசதி பார்க்காமல் எல்லா முதியவர்களுக்கும் என்று ஆகிவிட்டது. 1977 முதல் உயர்நிலைப் பள்ளியும் இலவசம். ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்று சொன்ன பாடநூல்தான் பிற்பாடு 'மனித வளம்' என்ற பெயரில் இதையே பாராட்டியது.

மக்கள்தொகைக் கணக்கும் தவறியது. 1960களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். 1970களின் நடுவில் அது மூன்றாகக் குறைந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம், பெண்களின் படிப்பு, கொஞ்சம் பிந்தி வந்த தையல் ஆலைகள் எல்லாம் சேர்ந்த விளைவு.

ஒரு டன் சர்க்கரையின் பயணம்

மீட் கணக்கில் எடுக்காமல் விட்ட இன்னொன்று, சர்க்கரை விலையே ஒரு அரசியல் பொருள் என்பது. 1951ன் காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தம் ஒரு குறிப்பிட்ட அளவை நிலையான விலைக்கு எடுத்துக்கொண்டது. பிரிட்டன் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்ததும் அது 1974ல் முடிந்தது. புதிய ஒப்பந்தத்துக்குப் பேச்சு நடந்த அதே நேரம் உலகச் சந்தையில் சர்க்கரை விலை வெறிபிடித்து ஏறியது. 1974 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு பவுண்டு எடைக்கு 65 அமெரிக்க சென்ட்.

பாடநூல் அறிவு என்ன சொல்லும்? விலை ஏறும்போது நீண்ட கால ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளாதே, சந்தையில் விற்றுக் காசு பார். சர்க்கரை விற்கும் பல நாடுகள் அப்படித்தான் பெரிய அளவுக்கு உறுதி கொடுக்கத் தயங்கின. மொரீஷியஸ் எதிர்த் திசையில் போய், கிடைத்த அளவு பெரிய ஒதுக்கீட்டை அள்ளிக்கொண்டது. அப்போது நிதியமைச்சர் தமிழ் வம்சாவளியான வீராசாமி ரிங்காடு. 1968 முதல் 1982 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார், 1992ல் குடியரசின் முதல் தலைவரும் ஆனார். 1975 பிப்ரவரியில், ஐரோப்பிய சமூகம் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு செய்த லோமே ஒப்பந்தத்தோடு கையெழுத்தான சர்க்கரை உடன்பாட்டில், மொத்தம் ஏறக்குறைய 13 லட்சம் டன்னில் இந்தச் சின்னத் தீவுக்கு மட்டும் சுமார் 5 லட்சம் டன். இரண்டே ஆண்டில் உலக விலை 10 சென்டுக்கும் கீழே சரிந்தது. ஐரோப்பிய விலை சரியவில்லை.

அதன் பெறுமதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பா தந்த உறுதி விலை டன்னுக்கு 523.7 யூரோ. உலக விலை அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நின்றது. 175 யூரோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஏறக்குறைய 349 யூரோ. 5 லட்சம் டன்னால் பெருக்கினால் ஆண்டுக்கு 17 கோடி யூரோவுக்கு மேல். தீவின் மக்கள்தொகை 12 லட்சம். ஆளுக்கு 145 யூரோ, குழந்தை குட்டி உட்பட. இது திறமையால் வந்த கூடுதல் லாபம் கிடையாது. ஐரோப்பிய நுகர்வோர் தன் பீட்ரூட் விவசாயிக்காகச் சுமந்த விலையில் மொரீஷியஸுக்கும் ஓர் இடம் போட்டுக் கொடுத்த கையெழுத்தின் விலை. பொருளியலில் இதற்கு 'வாடகை வருமானம்' என்று பெயர். பாடநூல் இதைக் கெட்ட வார்த்தை போல உச்சரிக்கும்: வாடகை வந்தால் நாடு சோம்பிவிடும், ஆள்பவர்கள் சுருட்டிக்கொள்வார்கள். எண்ணெய் நாடுகள் பலவற்றில் அப்படித்தான் ஆனது. இங்கே ஆகாததற்குக் காரணம், அந்த வாடகை எப்படிப் பிரிந்தது என்பதில் இருக்கிறது.

தீவில் விளையும் சர்க்கரை முழுவதையும் 1919ல் தொடங்கிய சர்க்கரை சிண்டிகேட் ஒன்றே விற்கிறது. எந்த மூட்டை ஐரோப்பாவுக்குப் போனது, எது மலிவுச் சந்தைக்குப் போனது என்ற பேதம் இல்லை. எல்லா வரவையும் ஒரே குளத்தில் கொட்டி, டன்னுக்கு ஒரே விலையாகப் பங்கிட்டுவிடுவார்கள். பெரிய எஸ்டேட்டுக்கும் அரை ஏக்கர்காரருக்கும் அதே விலை. ஆலைக்கும் விவசாயிக்கும் இடையிலான பங்கு 22க்கு 78. அதாவது 100 டன் கரும்பு போட்டு, அதில் 10.5 டன் சர்க்கரை எடுத்தால், 8.19 டன் கரும்பு போட்டவருக்கு, 2.31 டன் ஆலைக்கு. தமிழ்நாட்டில் ஆலைக்குக் கரும்பைப் போட்டுவிட்டு நிலுவைக்காக ஆண்டுக் கணக்கில் அலையும் விவசாயிக்கு இந்த ஏற்பாடு கனவு போலத் தோன்றும்.

ஆனால் மிகைப்படுத்த வேண்டாம். ஆலை வைத்திருந்த எஸ்டேட்களே கரும்பு நிலத்திலும் பாதிக்கு மேல் வைத்திருந்தன. பெரும்பாலும் பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்கள். அவர்களுக்கு 22ம் வந்தது, தங்கள் நிலத்துக்கான 78ம் வந்தது. மற்றபடி இருந்த சிறு விவசாயிகள் 'மொர்செல்மான்' வழியே வந்தவர்கள்: 1870களுக்குப் பிறகு எஸ்டேட்கள் தங்கள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றபோது, ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. இந்தத் துண்டு நிலங்கள் இல்லாமல் போயிருந்தால் ஐரோப்பிய விலையின் பெரும்பங்கு சில குடும்பங்களோடு நின்றிருக்கும். எஸ்டேட்களின் பங்கிலிருந்து அரசு ஏற்றுமதி வரி எடுத்தது. பெரியவர்களுக்கு அதிகம், சிறியவர்களுக்குக் குறைவு அல்லது இல்லை. 1994 வரை அது இருந்தது. பள்ளிக்கும் ஓய்வூதியத்துக்கும் போன பணத்தில் ஒரு பகுதி அங்கிருந்து வந்தது.

எஸ்டேட்டிடம் மிஞ்சிய பணமும் வெளியே ஓட முடியவில்லை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1994 வரை நடப்பில் இருந்தது. 1970களின் சர்க்கரைக் காசு லண்டனுக்கோ பாரிஸுக்கோ போகாமல் தீவுக்குள்ளேயே வேலை தேட வேண்டிய கட்டாயம். சந்தைப் பொருளியல் 'தடை' என்று திட்டும் அதே சட்டம்தான் அடுத்த கட்டத்துக்கு முதல் போட்டுக் கொடுத்தது.

ஒரே நாட்டில் இரண்டு பொருளாதாரம்

அடுத்த கட்டம் 1970ன் ஏற்றுமதி மண்டலச் சட்டம். தீவில் 'ஸோன் ஃப்ரான்ஷ்' என்றே பெயர். வேலிக்குள் அடைத்த மண்டலம் இல்லை. தீவின் எந்த ஊரிலும் உரிமம் வாங்கிய ஆலை 'மண்டலம்' ஆகிவிட்டது. எந்திரமும் நூலும் வரியில்லாமல் இறக்க முடிந்தது, பல ஆண்டு வரி விடுமுறை, லாபத்தை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கவில்லை. கூடவே, மற்றத் தொழில்களுக்கான தொழிலாளர் சட்டத்தில் பாதி இங்கே செல்லவில்லை. மிகைநேர வேலை கட்டாயம், ஆள்குறைப்பு எளிது. ஆண்களுக்கு ஒரு குறைந்தபட்சக் கூலி, பெண்களுக்கு அதைவிடக் குறைந்த ஒன்று. ஆரம்ப ஆண்டுகளில் தொழிலாளர்களில் பெருவாரி பெண்கள் என்பது தற்செயல் கிடையாது.

மண்டலத்துக்கு வெளியே நாடு முற்றிலும் வேறு. உயர்ந்த இறக்குமதி வரி, உரிமம், அரசு நிர்ணயிக்கும் கூலி, வலுவான சங்கங்கள். 1990களின் தொடக்கத்தில்கூட சர்வதேச நாணய நிதியத்தின் அளவுகோலில் மொரீஷியஸ் மிகக் கட்டுப்பாடான வணிகக் கொள்கை கொண்ட நாடுகளில் ஒன்று. 'திறந்த பொருளாதாரம்' என்று பாடநூல் பாராட்டிய ஆண்டுகளும் இவைதான்.

இரண்டும் எப்படிச் சேர்ந்து ஓடின? இறக்குமதி வரி போட்டால் உள்நாட்டில் விலையும் கூலியும் ஏறும், நூலும் பொத்தானும் விலை கூடும். ஏற்றுமதி செய்பவர் தலையில்தான் அந்தச் சுமை போய் விழும். இறக்குமதி வரி என்பது மறைமுகமான ஏற்றுமதி வரியே என்று பொருளியலாளர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். மண்டலச் சலுகைகள் அந்தச் சுமையை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தன. வரியில்லா மூலப்பொருள் ஒரு பாதியை, மலிவான பெண் உழைப்பு மறுபாதியை. உள்நாட்டுச் சந்தைக்கு உற்பத்தி செய்த முதலாளியும் பிழைத்தார், அங்கே வேலை பார்த்த ஆண் தொழிலாளியும் தன் கூலியை இழக்கவில்லை. செலவைச் சுமந்தது தையல் எந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்த பெண். வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் இந்த ஓர் உருப்படியை ஐந்தொகையில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆட்கள் வேண்டும், காசு வேண்டும், வாங்குபவரும் வேண்டுமே. 1974ல் நடைமுறைக்கு வந்த பல்நார் ஒப்பந்தம், அதாவது முன்னே சொன்ன ஜெனீவா ஜவுளி ஒப்பந்தம், ஹாங்காங் போன்ற இடங்களின் துணி ஏற்றுமதிக்கு உச்சவரம்பு கட்டியது. வரம்பு நிரம்பிப்போன ஹாங்காங் ஆலைக்காரருக்கு, வரம்பு இடிக்காத, ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் அனுப்பக்கூடிய ஒரு நாட்டின் முகவரி தேவைப்பட்டது. 1997ல் சீனாவிடம் போன பிறகு ஹாங்காங் என்னவாகுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. வந்தார்கள். மண்டலத்தில் போட்ட முதலீட்டில் ஏறக்குறைய பாதி உள்ளூர்க் காசு, முன்னே சொன்ன சர்க்கரைக் காசு. 1990 வாக்கில் மண்டலத்தில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஐந்தில் ஒருவர் வேலையில்லாமல் இருந்த தீவில் ஆள் பற்றாக்குறை வந்தது.

இடையில் ஒரு கண்டம். 1970களின் கடைசியில் எண்ணெய் விலை ஏறி, சர்க்கரை விலை இறங்கி, கஜானா காலியானது. 1979லும் 1981லும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். நாணய நிதியமும் உலக வங்கியும் நிபந்தனைகளோடு கடன் தந்தன. அரிசி, மாவு மானியத்தை எடு என்பது அதில் ஒன்று. 1982 தேர்தலில் ஆட்சிக் கட்சி துடைத்தெறியப்பட்டது. போட்டியிட்ட 60 இடங்களும் எதிரணிக்கு. சிக்கனத்தை எதிர்த்து வந்தவர்களின் நிதியமைச்சரான போல் பெரான்ஜேயே சிக்கனத்தை அமல்படுத்த வேண்டி வந்தது. 1983 மார்ச்சில் அந்த ஆட்சி உடைந்தது. அடுத்து வந்தவர்கள் மானியத்தைக் குறைத்தார்கள், ஒழிக்கவில்லை. இலவசக் கல்வியில் கை வைக்கவேயில்லை. நிதியம் கேட்டதில் பாதியைச் செய்த நாடு முழுதாகச் செய்த பல நாடுகளைவிட நன்றாக வந்தது. நிதியத்தின் வெற்றிப் பட்டியலில் இடம் கிடைத்ததும் அந்த நாட்டுக்குத்தான், கொஞ்சம் வேடிக்கைதான்.

கையெழுத்து வாபஸ் ஆகும் நாள்

சர்க்கரை உடன்பாட்டில் ஒரு சொல் இருந்தது: 'காலவரையறையின்றி'. அதை நம்பித்தான் ஆலைகளும் விவசாயிகளும் முதல் போட்டார்கள். பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் ஐரோப்பாவின் சர்க்கரை ஏற்றுமதி மானியத்தை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2005ல் வென்றன. வழக்கு ஐரோப்பா மீது. அடி விழுந்தது தீவின் மீது. 2006 முதல் நான்கு ஆண்டுகளில் விலையை 36 சதவீதம் குறைத்தார்கள்: 523.7 யூரோ 335 ஆனது. அதே 5 லட்சம் டன்னுக்கு ஆண்டுக்கு ஒன்பது கோடி யூரோவுக்கு மேல் நஷ்டம். 2009 செப்டம்பர் 30ஆம் தேதியோடு 'காலவரையறையற்ற' உடன்பாடு முடிந்தது. பல்நார் ஒப்பந்தம் கட்டிய உச்சவரம்புகள் 2005 ஜனவரி 1ஆம் தேதியே போய்விட்டிருந்தன. ஒரே பத்தாண்டில் இரண்டு கையெழுத்துகளும் காலி.

ஆலைகள் மூடின, மிஞ்சியவை மூன்று. 1973ல் 7 லட்சம் டன்னைத் தாண்டிய உற்பத்தி இப்போது அதில் பாதிகூட இல்லை. எஸ்டேட் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ரொக்கமும் 7 பெர்ச் மனையும் கொடுத்தார்கள். தீவின் கணக்கில் ஒரு பெர்ச் சுமார் 42 சதுர மீட்டர். ஏழும் சேர்ந்து 295 சதுர மீட்டர், அதாவது நம் கணக்குக்கு ஒன்றேகால் கிரவுண்டுக்குச் சற்று மேல். எஸ்டேட்டுகளோ மீதி நிலத்தில், கடற்கரையை ஒட்டி, வெளிநாட்டவருக்கு மாளிகை கட்டி விற்கும் தொழிலுக்கு மாறின. 2002ல் வந்த திட்டப்படி ஒரு வீட்டின் குறைந்தபட்ச விலை 5 லட்சம் அமெரிக்க டாலர். கூலியாள் வெட்டிய கரும்புக்காட்டில் கூலியாளுக்கு 7 பெர்ச், முதலாளிக்கு மனை வணிகம். சீரமைப்பு என்ற சொல்லுக்குள் யார் எதைப் பெற்றார்கள் என்று பிரித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

அதற்குள் மூன்றாவது கையெழுத்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது. 1982 ஆகஸ்டில் இந்தியாவோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். அதில் ஒரு சிறிய விதி: பங்கு விற்ற லாபத்துக்கு விற்பவர் வசிக்கும் நாடுதான் வரி போடலாம். பத்தாண்டு அதை யாரும் சட்டை செய்யவில்லை. 1991ல் இந்தியா கதவைத் திறந்தது, 1992ல் மொரீஷியஸ் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான சட்டம் கொண்டுவந்தது. இரண்டும் பொருந்திக்கொண்டன.

2017க்கு முன்பு இருந்த செய்முறை இதுதான். எபேன் நகரத்து மேலாண்மை நிறுவனம் ஒன்றிடம் போய் உலக வணிக உரிமத்தில் ஒரு கம்பெனி தொடங்க வேண்டும். தீவில் வசிக்கும் இரண்டு இயக்குநர்கள், பதிவு அலுவலகம், தீவில் வங்கிக் கணக்கு, அங்கேயே வைக்கும் கணக்குப் புத்தகம் வேண்டும். இயக்குநர்களை அந்த மேலாண்மை நிறுவனமே தரும். ஒரே ஆள் பல கம்பெனிகளுக்கு இயக்குநர். பிறகு வருமான வரித் துறையிடமிருந்து வரி வசிப்புச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றோடு சென்னையில் 100 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கி, ஓராண்டுக்குள் 150 கோடிக்கு விற்றதாக வைப்போம். சென்னைக்காரர் நேரடியாகச் செய்திருந்தால் அன்றைய விகிதப்படி 15 சதவீதம் குறுகிய கால லாப வரி: 7.5 கோடி. மொரீஷியஸ் கம்பெனிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஒப்பந்தம் தடுத்தது. மொரீஷியஸில் மூலதன லாப வரி என்று ஒன்றே கிடையாது. இரட்டை வரியைத் தவிர்க்க எழுதிய காகிதம் ஒற்றை வரியையும் தவிர்த்துவிட்டது. தீவுக்குக் கிடைத்தது உரிமக் கட்டணம், கணக்காளர், வக்கீல்களின் சம்பளம். அந்த 7.5 கோடியில் ஒரு சிறு துண்டு.

சான்று இருந்தால் போதும் என்று இந்திய வரி வாரியம் 2000 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. 2003ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பிறகென்ன, இந்தியப் பணமே வேறு வழியில் வெளியே போய், மொரீஷியஸ் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. 2000 முதல் 2015 வரை இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 12 லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் இந்தத் தீவிலிருந்து வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. இப்படிப்பட்ட புள்ளிவிவரத்தை வைத்து 'எந்த நாடு எங்கே முதலீடு செய்கிறது' என்று வரைபடம் போடுபவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் முடியும். பணம் எங்கே கையெழுத்தானது என்பதை அது காட்டுகிறது. எங்கே விளைந்தது, எங்கே உழைத்தது என்பதைக் காட்டவில்லை.

2016 மே மாதம் அந்த விதி திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளின் லாபத்துக்கு இந்தியா வரி போடலாம். முதல் இரண்டு ஆண்டுக்குப் பாதி விகிதம். ஆப்பிரிக்காவில் செனகலும் ஜாம்பியாவும் தங்கள் ஒப்பந்தங்களை முறித்தன. 2020 பிப்ரவரியில் சர்வதேச நிதி நடவடிக்கைப் பணிக்குழு மொரீஷியஸைச் சாம்பல் பட்டியலில் (கருப்புப் பணத் தடுப்பில் குறையுள்ளதாகக் கண்காணிக்கும் நாடுகளின் பட்டியல்) வைத்து, 2021 அக்டோபரில் எடுத்தது. உலக வங்கி 2020 ஜூலையில் தீவை உயர் வருமான நாடு என்று அறிவித்தது. கோவிட் அடித்ததும் அடுத்த ஆண்டே இறக்கிவிட்டது. ஏழை நாட்டின் சர்க்கரைச் சலுகை 'சந்தைச் சிதைவு' என்று 30 ஆண்டு பாடம் நடத்தியவர்கள், வரிப் புகலிடத்தை அதே காலத்தில் 'நிதிச் சேவைத் துறையின் போட்டித் திறன்' என்று அழைத்தார்கள். முதலாவது நஷ்டத்தை ஐரோப்பிய நுகர்வோர் சுமந்தார், இரண்டாவதை இந்திய, ஆப்பிரிக்கக் கஜானாக்கள் சுமந்தன. பாடநூலின் கோபம் முதலாவதோடு நின்றுவிட்டது. இந்த விமர்சனத்திலிருந்து தீவுக்காரர்களும் தப்ப முடியாது. முதல் கையெழுத்தின் பணம் கரும்புக்காட்டு ஊர்களில் பள்ளிக்கூடமானது. மூன்றாவதின் பணம் பெரும்பாலும் எபேன் கண்ணாடிக் கட்டடங்களோடு நின்றது.

சாகோஸ்: முதல் பேரமும் கடைசிப் பேரமும்

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை இருக்கிறது. சர்க்கரையும் ராணுவமும் ஒரே மேசையில் உட்கார்ந்த நாள். 1965 செப்டம்பரில் லண்டன் லங்காஸ்டர் ஹவுஸில் சுதந்திரப் பேச்சு. டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வேண்டும், அதற்காக அந்தத் தீவு இருக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரீஷியஸிலிருந்து பிரித்துக் கொடு என்றது பிரிட்டன். மொரீஷியஸ் தரப்பு விற்கத் தயங்கியது, குத்தகைக்குத் தருகிறோம் என்றது. கூடவே அமெரிக்கா தன் சந்தையில் மொரீஷியஸ் சர்க்கரைக்குப் பெரிய ஒதுக்கீடு தரவேண்டும் என்று கேட்டது. குத்தகையும் கிடைக்கவில்லை, ஒதுக்கீடும் கிடைக்கவில்லை. 30 லட்சம் பவுண்ட் கிடைத்தது. அந்த நவம்பரில் தீவுகள் பிரிக்கப்பட்டன. 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கே வாழ்ந்த மக்கள் முழுவதும் வெளியேற்றப்பட்டு, போர்ட் லூயியிலும் சேஷெல்ஸிலும் இறக்கிவிடப்பட்டார்கள். சுதந்திரத்துக்கு விலை பேசிய அந்த மேசையில் அந்த மக்களில் ஒருவருக்கும் நாற்காலி இல்லை.

2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், பிரிவினை சட்டப்படி நடக்கவில்லை என்று கருத்துரைத்தது. ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம், 6 நாடுகள் எதிராக. 2025 மே 22ஆம் தேதி புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியா தளம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரிட்டனுக்கு. வாடகை முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 16.5 கோடி பவுண்ட், அடுத்த பத்து ஆண்டுகள் 12 கோடி, அதன் பிறகு விலைவாசியோடு சேர்ந்து ஏறும். 1965ல் கேட்டு மறுக்கப்பட்ட அதே குத்தகை, அறுபது ஆண்டு கழித்து.

இதுவும் சர்க்கரை உடன்பாட்டைப் போல ஒரு கையெழுத்து வருமானம்தான். கொடுப்பவருக்கு அந்தத் தளம் வேண்டியிருக்கும் வரை, லண்டனின் நாடாளுமன்றமும் வாஷிங்டனின் மனநிலையும் ஒத்துவரும் வரை. 'காலவரையறையின்றி' என்ற சொல்லின் ஆயுள் 34 ஆண்டு என்று இந்தத் தீவுக்கு ஏற்கனவே தெரியும். ஆனாலும் கையெழுத்தான இரண்டே வாரத்தில், 2025 ஜூன் 5ஆம் தேதி வந்த பட்ஜெட், அந்த வாடகையை வரவில் எழுதியது. அதே பட்ஜெட்டில்தான் அடிப்படை ஓய்வூதியம் பெறும் வயது 60லிருந்து படிப்படியாக 65 ஆகும் என்றும் அறிவித்தார்கள். 1958லிருந்து பெரும்பாலும் கரும்புக்காட்டுக் கூலிக்கும் எஸ்டேட் முதலாளிக்கும் ஒரே மாதிரி கிடைத்துவந்த ஓய்வூதியம் அது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: மாதம் 15,000 மொரீஷியஸ் ரூபாய், ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம், ஐந்து ஆண்டு. ஒரு தலைக்கு 9 லட்சம் ரூபாய்.